ரெண்டே பேர் தீபாவளி: 2021 கட்டுப்பாடுகளைப் பற்றி இன்றும் கேட்கப்படும் கேள்விகள்

2021 நவம்பர் 4, வியாழக்கிழமை. கொவிட் கட்டுப்பாடுகளுக்கு நடுவே சிங்கப்பூரில் வந்த இரண்டாவது தீபாவளி. அந்த ஆண்டு என்ன சட்டம் இருந்தது, ஏன் எல்லாரும் அவ்வளவு சலித்துக்கொண்டார்கள் என்று ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்கிறார்கள். அப்போது தொடக்கப்பள்ளியில் படித்த பிள்ளைகளும் கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களுக்கே எந்த விதி எந்த மாதத்தில் வந்தது என்பது குழம்பிவிட்டது. அப்படி வந்த கேள்விகளையும் அவற்றுக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தந்திருக்கிறோம்.

அந்தத் தீபாவளிக்கு என்னதான் கட்டுப்பாடு?

வெளியே கூடினால் அதிகபட்சம் இரண்டு பேர். கடையில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஒரு மேசைக்கு இரண்டு பேர், அதுவும் தடுப்பூசியை முழுமையாகப் போட்டவர்கள். வீட்டுக்கு ஒரு நாளில் இரண்டு விருந்தினர். முடிந்தவரை எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை. வீட்டு வாசலைத் தாண்டினால் முகக்கவசம். போகிற இடமெல்லாம் தொற்றுத் தடமறியும் டிரேஸ்டுகெதர் செயலியையோ கருவியையோ காட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

இவற்றில் இரண்டு பேர் வரம்பு செப்டம்பர் 27-ல் நடப்புக்கு வந்தது. முதலில் அக்டோபர் 24 வரைதான் என்றார்கள். "தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாலேயே முடிந்துவிடும்" என்று எல்லாரும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் 20-ல் செய்தியாளர் கூட்டம் நடந்தது. நவம்பர் 21 வரை நீட்டிப்பு என்று அறிவிப்பு வந்தது. தீபாவளி அதற்குள் மாட்டிக்கொண்டது.

வீட்டுக்கு இரண்டு விருந்தினர் என்றால், ஒரே நேரத்தில் இரண்டு பேரா?

இல்லை, நாள் முழுவதற்கும் சேர்த்தே இரண்டு பேர்தான். காலையில் சித்தப்பாவும் சித்தியும் வந்து போய்விட்டால், மாலையில் அத்தை வர முடியாது. இந்த ஒரு விதிதான் பலரைக் கடுப்பேற்றியது. 2020 தீபாவளியின்போது ஒரே நேரத்தில் ஐந்து விருந்தினர் வரை அனுமதி இருந்தது. ஒரு கூட்டம் கிளம்பியதும் அடுத்த கூட்டம் வரலாம். தடுப்பூசியே இல்லாத ஆண்டில் ஐந்து பேர், நாடே தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு இரண்டு பேர் என்றால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று யாருக்குத்தான் தோன்றாது?

நடைமுறையில் இது எப்படி இருந்தது என்று பாருங்கள். கணவன், மனைவி, ஒரு பிள்ளை. மூவரும் ஈசூனில் இருக்கிறார்கள். தாத்தா பாட்டி பிடோக்கில். தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்க வேண்டும். மூன்று பேர் போனால் விதிமீறல். பேரப்பிள்ளையைத் தினமும் பார்த்துக்கொள்வதே அந்தத் தாத்தா பாட்டி என்றால் பிள்ளை கணக்கில் வராது, அது விலக்கு. இல்லாவிட்டால் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அது யார்? பெரும்பாலான வீடுகளில் மருமகள்தான் இருந்தார் என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் சமைக்கிறேன்" என்று சொன்னவர்களில் சிலர் உள்ளுக்குள் நிம்மதி அடைந்திருக்கவும் கூடும், அது வேறு கதை.

பலர் நாள் பிரித்துக்கொண்டார்கள். வியாழன் ஒரு வீடு, வெள்ளி ஒரு வீடு, சனி இன்னொன்று. முறுக்கு டப்பாவை வாசலில் வைத்து, மணியடித்துவிட்டு, மின்தூக்கி வரும்வரை தாழ்வாரத்தில் நின்று பேசிவிட்டுப் போனவர்களும் உண்டு.

எல்லாரும் தடுப்பூசி போட்ட பிறகும் ஏன் இந்தக் கெடுபிடி?

சலிப்பின் வேர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

2021 ஜூன் மாதம், கொவிட்டைக் கையாண்ட அரசாங்கப் பணிக்குழுவின் மூன்று அமைச்சர்களும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த மூவர் கான் கிம் யோங், லாரன்ஸ் வோங், ஓங் யீ காங். இந்தக் கிருமி போகாது, சளிக்காய்ச்சலைப் போல இதோடு வாழப் பழகுவோம், தடுப்பூசி போடப் போட வாழ்க்கை வழக்கத்துக்குத் திரும்பும் என்பது அதன் சாரம். மக்கள் அதை ஓர் ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டார்கள்: நாங்கள் ஊசி போட்டுக்கொள்கிறோம், நீங்கள் கதவைத் திறந்துவிடுங்கள். ஆகஸ்ட் மாத இறுதியில் மக்கள்தொகையில் 80 விழுக்காட்டினர் இரண்டு ஊசியும் போட்டிருந்தனர். அந்த நேரத்தில் உலகில் வெகு சில நாடுகளே எட்டியிருந்த அளவு அது.

அடுத்த மாதமே அன்றாடத் தொற்று எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. அக்டோபர் 27-ல் 5,324. மலையேறி உச்சிக்கு வந்துவிட்டோம் என்று மூச்சு வாங்கும்போது, எதிரே இன்னொரு மலை.

அரசாங்கம் சொன்ன காரணம் நியாயமானதா?

நியாயமானதுதான். கட்டுப்பாட்டைத் திட்டியவர்களிலும் பலர் இதை ஒப்புக்கொள்வார்கள்.

தடுப்பூசி போட்டவர்களுக்குப் பெரும்பாலும் லேசான அறிகுறிதான் வந்தது. ஆனால் தொற்றியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது, அதில் சிறு பங்கு தீவிரமானாலும் மருத்துவமனை நிரம்பிவிடும். அக்டோபர் 20 அன்று சொன்ன கணக்கு இது: தனிமைப்படுத்தும் படுக்கைகளில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைந்துவிட்டது, தீவிர சிகிச்சைப் படுக்கைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆள் இருக்கிறது. தடுப்பூசி போடாத முதியவர்கள் அதில் கணிசமாக இருந்தார்கள்.

படுக்கையைக் கூட்டிவிடலாம், பார்த்துக்கொள்ள ஆள்? 2021-ன் முதல் பாதியில் மட்டும் ஏறத்தாழ 1,500 சுகாதாரப் பணியாளர்கள் வேலையை விட்டிருந்தார்கள் என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. கொவிட்டுக்கு முன்பு ஆண்டு முழுவதற்குமே 2,000 பேர்தான் விலகுவார்கள். தாதியர்களில் ஊரிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். இரண்டு ஆண்டாக அம்மா அப்பாவைப் பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள் அவர்கள். 'ஏன் இரண்டு பேர்?' என்ற கேள்விக்குப் பணிக்குழுவிடம் இருந்த உருப்படியான பதில் அவர்கள்தான்.

காரணம் நியாயம் என்றால் பிறகு எதற்குக் கோபம்?

கட்டுப்பாடு கடுமையாக இருந்ததற்காக மட்டும் மக்கள் சலித்துக்கொள்ளவில்லை. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை இருந்த சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம் இதைவிடப் பல மடங்கு கடுமை. அப்போது வீட்டுக்கு ஒரு விருந்தினர்கூட வரக்கூடாது. இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேர். ஈசூன் சோங் பாங், கேலாங் செராய் உள்ளிட்ட நான்கு ஈரச்சந்தைகளுக்கு அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாள் ஒதுக்கினார்கள். அந்த ஆண்டு தமிழ்ப் புத்தாண்டு அதற்குள் வந்து சத்தமில்லாமல் போனது. அப்போது யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. பயம் இருந்தது, முடிவு தேதியும் தெரிந்தது.

2021-ல் நடந்தது வேறு. மே 8-ல் ஒன்றுகூடும் வரம்பு எட்டுப் பேரிலிருந்து ஐந்தானது. மே 16-ல் ஐந்து இரண்டானது, கடையில் உட்கார்ந்து சாப்பிடவும் தடை. ஜூன் 14-ல் மறுபடி ஐந்து, ஆனால் உட்கார்ந்து சாப்பிட முடியாது. ஜூன் 21-ல் உட்கார்ந்து சாப்பிடலாம், ஆனால் இரண்டு பேர். ஜூலை 12-ல் ஐந்து பேர். பத்து நாள்கூட முழுசாகப் போகவில்லை. கேடிவி எனும் கரோக்கே கூடங்களிலும் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்திலும் தொற்று வெடித்தது. ஜூலை 22-ல் மறுபடி இரண்டு, மறுபடி பொட்டலம். அந்த அறிவிப்பு வந்த ஜூலை 20 ஹஜ்ஜுப் பெருநாள். ஆகஸ்ட் 10-ல் தடுப்பூசி போட்டவர்களுக்கு ஐந்து. செப்டம்பர் 27-ல் திரும்ப இரண்டு.

படிக்கும்போதே தலை சுற்றுகிறதல்லவா? அதில் வாழ்ந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும். செப்டம்பர் 24 வெள்ளிக்கிழமை அறிவித்து, திங்கட்கிழமையே நடைமுறை. வார இறுதிக்கு ஆட்டிறைச்சியும் காய்கறியும் வாங்கிக் குவித்துவிட்ட சாப்பாட்டுக் கடைக்காரர் என்ன செய்வார்? மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்ட பெண்வீட்டார் என்ன செய்வார்கள்?

அதோடு குழப்பம் வேறு. செப்டம்பர், அக்டோபரில் தொற்றியவர்கள் வீட்டிலேயே குணமடையும் திட்டம் பெரிதானது. ஆனால் பலருக்கு யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை. தனிமை ஆணை எப்போது முடிகிறது, வீட்டில் உள்ள மற்றவர்கள் வெளியே போகலாமா என்று தெரியாமல் தவித்தார்கள். உதவி எண்ணுக்கு அழைத்தால் பாட்டுத்தான் கேட்கும். பிறகு அக்டோபர் 9-ல் பிரதமர் லீ சியன் லூங் தொலைக்காட்சியில் பேசி, நடைமுறைகள் மூன்றாகச் சுருக்கப்படும் என்றார். புதிய இயல்புநிலைக்கு வர மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதம்கூட ஆகலாம் என்றும் சொன்னார். அந்தப் பேச்சு தெளிவாக இருந்தது. ஆனால் வீட்டில் பாசிப்பருப்பு வறுக்கத் தொடங்கியிருந்தவர்களின் காதில் விழுந்தது 'ஆறு மாதம்' மட்டும்தான்.

கடுமையான விதி ஒன்றைச் சொல்லி, அதையே வைத்திருந்தால் நம் ஆட்கள் தாங்கிக்கொள்வார்கள். முன்னே இரண்டு அடி, பின்னே மூன்று அடி என்று போவதுதான் தாங்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் கேட்ட புலம்பலை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் அதுதான்.

சீனப் புத்தாண்டுக்கு எட்டுப் பேர், நமக்கு மட்டும் இரண்டா?

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் தீபாவளிப் பலகாரப் படங்களுக்கு நடுவே ஓடிய கேள்வி இது. உண்மை என்ன? 2021 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டுக்கு ஒரு நாளைக்கு எட்டு விருந்தினர் அனுமதிக்கப்பட்டார்கள். அது சரிதான். ஆனால் அப்போது சமூகத்தில் தொற்று கிட்டத்தட்ட இல்லை. மே 13 நோன்புப் பெருநாளுக்கு ஐந்தாகக் குறைந்தது. மே 26 விசாக தினத்தன்று இரண்டுதான், கடையில் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது. முந்தைய ஆண்டு நோன்புப் பெருநாள் சர்க்கிட் பிரேக்கருக்குள் விழுந்ததால், மலாய்க் குடும்பங்களுக்கு விருந்தினரே இல்லாத பெருநாள்.

ஆக, எந்தப் பண்டிகை தொற்று அலையின் எந்த இடத்தில் விழுந்தது என்பதே கணக்கு. நம் தீபாவளி உச்சத்தில் விழுந்தது. இதில் இனப் பாகுபாடு தேடுவது சரியில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தீபாவளி முடிந்த ஆறாம் நாள், நவம்பர் 10-ல், ஒரே வீட்டில் வசிக்கும் ஐந்து பேர் உணவகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட அனுமதி வந்தது. ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள் ஒரே மேசையில் உட்காருவதில் புதிதாக என்ன ஆபத்து வந்துவிடும்? ஒரு வாரம் முன்னால் கொடுத்திருக்கலாம். இந்த மனக்குறையில் நியாயம் இருக்கிறது.

லிட்டில் இந்தியா எப்படி இருந்தது?

சிராங்கூன் சாலையில் விளக்கு அலங்காரம் வழக்கம்போல இருந்தது. தீபாவளிச் சந்தை 2020-லும் 2021-லும் இல்லை. கேம்பல் லேனில் கூடாரத்துக்குள் இடித்துப் பிடித்து, வியர்வையில் நனைந்து, மத்தாப்பு வாங்கித் தா என்று பிள்ளை அழ, நாம் தோரணத்துக்குப் பேரம் பேசும் அந்தக் கூட்டம் இல்லை. மற்ற ஆண்டுகளில் அந்த நெரிசலைத் திட்டியவர்களே அந்த ஆண்டு அதைத் தேடினார்கள்.

ஆனால் வெறிச்சோடிக் கிடக்கவும் இல்லை. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக்கு வரிசை, பூக்கடையில் வரிசை, துணிக்கடைக்கு வெளியே தரையில் ஒட்டிய சிவப்பு நாடாவில் ஆள் நின்று வரிசை. பாதுகாப்பு இடைவெளித் தூதர்கள் சிவப்புச் சட்டையில் நடந்துகொண்டே "ரெண்டு பேர், ரெண்டு பேர்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் ஒன்றாக நடந்து வந்தவர்கள் அவர்களைக் கண்டதும் இரண்டு இரண்டாகப் பிரிந்து, பத்தடி தள்ளி ஒருவரை ஒருவர் தெரியாதவர் போல நடப்பார்கள். தூதர் முனை திரும்பியதும் சின்னவன் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வான். ஒரே வீட்டில் வசிப்பவர்கள் சேர்ந்து நடக்க விதியில் இடம் இருந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது என்று தெரியவில்லை. விதிகள் அத்தனை தடவை மாறியதன் விளைவு அது.

சாப்பாட்டுக் கடைகளில் என்ன நடந்தது?

வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு நால்வர் போனால் இரண்டு மேசை. இரண்டு மேசைக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. மீன்தலைக் கறி ஒரே சட்டியில்தான் வரும், அது எந்த மேசைக்கு? இந்த மாதிரி நகைச்சுவை நாடகம் எல்லாக் கடையிலும் நடந்தது. வாசலில் தடுப்பூசி நிலையைச் சரிபார்க்க ஒரு ஆள் வேண்டும், அந்தச் சம்பளம் கடைக்காரர் தலையில்.

இதைவிட விசித்திரம், கடையில் பாட்டுப் போடக்கூடாது என்ற தடை. இசை ஒலித்தால் மக்கள் சத்தமாகப் பேசுவார்கள், பேசினால் எச்சில் துளி தெறிக்கும், அதனால் கிருமி பரவும் என்பது காரணம். ஜூன் மாதம் வந்த தடை நவம்பர் 10-ல்தான் தளர்ந்தது, அதுவும் மெல்லிய இசைக்கு. தீபாவளிக்குப் பிரியாணிக் கடையில் பாட்டே இல்லாமல் சாப்பிட்ட அனுபவம் நமக்கு மட்டும்தான் இருக்கும்.

நீட்டிப்பு அறிவித்த கையோடு 640 மில்லியன் வெள்ளி ஆதரவுத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அதில் ஊதிய மானியம் உண்டு. அதுவும் இல்லாதிருந்தால் சிராங்கூன் சாலையில் இன்னும் பல கடைகள் மூடியிருக்கும்.

தடுப்பூசி போடாதவர்களுக்கு?

அக்டோபர் 13 முதல் உணவங்காடி நிலையத்திலும் காப்பிக்கடையிலும் உட்கார்ந்து சாப்பிட முடியாது, கடைத்தொகுதிக்குள் நுழையவும் முடியாது. பொட்டலம் வாங்கலாம். 12 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் இதில் சேரவில்லை. டிசம்பர் 8 முதல், தாமாக விரும்பிப் போடாதவர்களுக்குக் கொவிட் மருத்துவச் செலவை அரசாங்கம் ஏற்பதும் நின்றது.

போடாதவர்கள் எல்லாரும் பிடிவாதக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். எண்பது வயதுப் பாட்டியை நினைத்துப் பாருங்கள். "எனக்கு எதுக்குப்பா, நான் எங்க போறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தவர். தினமும் காலை கீழ்த்தளக் காப்பிக்கடையில் தோழிகளோடு ஒரு தே குடிப்பதுதான் அவருக்கு உலகம். அதுவும் போனது. அந்த வாரமே சில பாட்டிகள் ஊசி போடக் கிளம்பினார்கள் என்பதும் உண்மை. திட்டத்தின் நோக்கமும் அதுதானே.

ஊருக்குப் போய் வர முடிந்ததா?

தீபாவளிக்கு முடியவில்லை. ஏப்ரல் 24 முதல் இந்தியாவிலிருந்து வருவோருக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தது. அக்டோபர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன்புதான் அது திறந்தது. ஆனால் வந்தால் குறிப்பிட்ட இடத்தில் 10 நாள் தனிமை. யார் அவ்வளவு விடுப்பு தருவார்கள்? தனிமையில்லாப் பயணத் தடம் சென்னை, டெல்லி, மும்பையிலிருந்து நவம்பர் 29-ல் தொடங்கியது. சென்னையிலிருந்து நாளுக்கு இரண்டு விமானம். தீபாவளி முடிந்து 25 நாள்.

அக்டோபர் 19 முதலே அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு நாடுகளுக்கு அத்தகைய தடம் இருந்தது. "பாரிஸுக்குப் போய்வரலாம், பக்கத்து வீட்டுக்குப் போக முடியாது" என்று அப்போது ஒரு கேலி உலவியது. கொஞ்சம் மிகைதான், ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

மலேசியாவின் ஜோகூர் பாருவில் சொந்தம் இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். 2020 மார்ச் 18-ல் மூடிய கடற்பாலம். அக்கரை கண்ணுக்குத் தெரியும், அம்மா அங்கே இருக்கிறார், போக முடியாது. அந்தத் தரைவழித் தடமும் அதே நவம்பர் 29-ல்தான் திறந்தது.

தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்களுக்கு என்ன தீபாவளி?

நாம் இரண்டு பேர் விதியைப் பற்றிப் புலம்பியபோது, அவர்களுக்கு அந்த இரண்டு பேர் சுதந்திரமே கிடையாது.

2020 ஏப்ரலில் விடுதிகளில் தொற்று காட்டுத்தீயாய்ப் பரவியது. அங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கியிருந்தார்கள். ஆண்டு முடிவில் கணக்கெடுத்தபோது கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, ஏறத்தாழ 1,52,000 பேருக்கு, தொற்று வந்து போயிருந்தது தெரிந்தது. அதன்பிறகு மற்றவர்கள் கடைத்தொகுதிக்கும் கடற்கரைக்கும் போக, விடுதி ஊழியர்கள் வேலையிடம், விடுதி, அனுமதி வாங்கினால் பொழுதுபோக்கு நிலையம் என்ற மூன்று இடங்களுக்குள்ளேயே இருந்தார்கள். ஓராண்டுக்கும் மேல்.

2021 செப்டம்பர் 13-ல் ஒரு முன்னோட்டத் திட்டம் வந்தது. வாரத்துக்கு 500 பேர் வரை, சில மணி நேரம், லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம். அக்டோபர் 30 முதல் அது நாளுக்கு 3,000 பேர், எட்டு மணி நேரம் என்று விரிந்தது. மூன்று லட்சம் பேரில் மூவாயிரம். அதில் இடம் கிடைத்தவர் தேக்காவுக்கு வந்து, ஒரு நல்ல சாப்பாடு, வீட்டுக்குப் பணம் அனுப்புதல், முடிந்தால் கோயில், பிறகு பேருந்து. கிடைக்காதவர் விடுதிக் கட்டிலில் சாய்ந்து, மனைவியை வாட்ஸ்அப் காணொளியில் கூப்பிட்டுப் பிள்ளை பட்டாசு வெடிப்பதைப் பார்த்தார்.

அதே அக்டோபரில் ஜாலான் துக்காங்கில் ஒரு விடுதியில் சலசலப்பு ஏற்பட்டது. தொற்றியவர்களை உடனே வேறிடத்துக்கு மாற்றவில்லை, சாப்பாடு சரியில்லை என்று ஊழியர்கள் குறைகூறித் திரண்டார்கள். கலவரத் தடுப்புக் காவலர்கள் அருகே நிறுத்தப்பட்டார்கள். பிறகு மனிதவள அமைச்சு தலையிட்டது. பொறுமைக்குப் பேர்போன ஊழியர்களே வாய் திறந்தார்கள் என்றால் எந்த அளவுக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நெரிசல் மிகுந்த நான்கு இடங்களுக்கு ஞாயிறும் பொது விடுமுறையும் தவிர, அனுமதிச் சீட்டு இல்லாமல் விடுதியை விட்டு வெளியே போக 2022 ஜூன் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நான்கில் ஒன்று லிட்டில் இந்தியா.

நம் சமூகத்துக்கு வேறு சங்கடம் இருந்ததா?

இருந்தது. டெல்ட்டா என்று பெயர் வருமுன் அதை 'இந்திய வகை' என்றே பேசினார்கள். 2021 மே மாதம் சுவா சூ காங்கில் 55 வயது இந்திய மாது ஒருவர் வேகநடை போனபோது முகக்கவசத்தைக் கீழே இறக்கியிருந்தார். அதற்காக ஒருவர் அவரை இனத்தைச் சொல்லித் திட்டி, நெஞ்சில் உதைத்தார். அந்த ஆளுக்குப் பிறகு, 2023-ல், சிறைத் தண்டனை கிடைத்தது. ரயிலில் பக்கத்து இருக்கை காலியாகவே போனதை அந்த நாள்களில் கவனித்தவர்களுக்கு அந்த மாதுக்கு நேர்ந்ததில் எதுவும் புதிதில்லை.

கோயில்கள்?

திறந்திருந்தன, எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு. சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் தீமிதியில் பொதுமக்கள் கலந்துகொள்ளவில்லை, வீட்டில் திரையில் பார்த்தார்கள். 2021, 2022 தைப்பூசத்துக்குக் காவடியும் இல்லை, பாத ஊர்வலமும் இல்லை. கோயிலில் தயாராக வைத்த பால்குடம் மட்டும். ஊர்வலம் 2023-ல்தான் திரும்பியது.

யாரும் எதிர்த்துப் போராடவில்லையா?

மற்ற நாடுகளில் ஊர்வலம் போனார்கள். இங்கே அனுமதியில்லாமல் கூடுவதே குற்றம். அனுமதியில்லாமல் கூடிப் பேச இடம் தரும் ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையும் 2022 மார்ச் வரை மூடிக் கிடந்தது. விதியை மீறினால் முதல் தடவைக்கு 300 வெள்ளி அபராதம், நீதிமன்றம் போனால் 10,000 வெள்ளி வரை, ஆறு மாதச் சிறையும் கிடைக்கலாம்.

ஆனால் பயத்தால் மட்டும் அடங்கியிருந்தார்கள் என்பதும் சரியில்லை. செய்தி அறிக்கைக்குக் கீழே நூறு கருத்து எழுதித் திட்டுவார், பிறகு முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நிற்பார். அதுதான் நம்மூர்க்காரர். வீட்டில் வயதான மாமனார் இருக்கிறார், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற கவலையே பல வீடுகளில் சட்டத்தைவிடப் பெரிய சட்டமாக இருந்தது.

எப்போதுதான் முடிந்தது?

2021 நவம்பர் 22-ல் இரண்டு ஐந்தானது. டிசம்பரில் ஓமிக்ரான் வந்து கிறிஸ்துமஸ் பயணங்களுக்குக் குறுக்கே நின்றது. டிசம்பர் 22 நள்ளிரவு முதல் தனிமையில்லாத் தடத்துக்குப் புதிய சீட்டு விற்பது ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. 2022 மார்ச் 29-ல் பத்துப் பேர், திறந்தவெளியில் முகக்கவசம் விருப்பம். ஏப்ரல் 26-ல் எண்ணிக்கை வரம்பே போனது. ஆகஸ்ட் 29-ல் பெரும்பாலான உள்ளிடங்களிலும் முகக்கவசம் கழன்றது. 2022 அக்டோபர் 24 தீபாவளிக்கு யார் வீட்டுக்கும் எத்தனை பேரும் போகலாம். போனார்கள். சந்தையும் திரும்பியது.

டிரேஸ்டுகெதரில் இருந்த நம் தகவல் என்ன ஆனது?

தொற்றுத் தடமறிய மட்டுமே என்று முதலில் சொன்னார்கள். 2021 ஜனவரியில், குற்ற விசாரணைக்காகக் காவல்துறையும் அதைக் கேட்க முடியும் என்பது நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. சலிப்பின் ஆரம்பப் புள்ளிகளில் அதுவும் ஒன்று. உடனே அடுத்த மாதமே சட்டம் கொண்டுவந்து, கொலை, பயங்கரவாதம் போன்ற ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். 2023 பிப்ரவரியில் செயலி மூடப்பட்டது, தகவல்கள் அழிக்கப்பட்டன, ஒரு கொலை வழக்குக்காக எடுத்தவை மட்டும் வைக்கப்பட்டன. கழுத்தில் தொங்கிய அந்தச் சின்னக் கருவியைச் சமூக மன்றங்களில் திருப்பித் தரச் சொன்னார்கள். இன்னும் உங்கள் மேசை இழுப்பறையில் ஒன்று கிடந்தால், மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள். அதற்குள் மின்கலம் இருக்கிறது.